உம்மா குடித்த ஊற்று

கடற்கரை ஊரில் பிறந்தவர்கள் கடலைப் பார்ப்பதற்கென்று வண்டி அமர்த்திக்கொண்டு புறப்படுவது சற்று வேடிக்கையான செயல்தான். கீழக்கரையில் எங்கள் வீட்டு மாடியில் நின்றாலே கடல் தெரியும். அலைச் சத்தம் கேட்டுத்தான் உறங்குகிறோம். உப்புக் காற்றில்தான் துணி உலர்த்துகிறோம். ஆயினும் சென்ற தை மாத விடுமுறையில், என் கணவர், பிள்ளைகள் இருவர், உம்மா, நான் என ஐவரும் அதிகாலைத் தொழுகையை முடித்துக்கொண்டு தனுஷ்கோடிக்குப் புறப்பட்டோம். கட்டுச்சோறும் பாயும் வண்டியில் ஏறுவதைப் பார்த்த பக்கத்து வீட்டு மாமி, "கடல் பாக்கவா இவ்வளவு தூரம்?" என்று கேட்டார். உம்மா தயங்காமல் சொன்னார்: "கடல் பாக்க இல்ல. தண்ணி குடிக்கப் போறோம்."

மாமி சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் உம்மாவின் வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் ஒவ்வொரு குடும்பத்திலும் கொழும்புக்குப் பிழைக்கப் போன ஒருவர் இருப்பார். என் பாட்டனாரும் அப்படிப் போனவர். கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதினார். ஆண்டுக்கு ஒருமுறை நோன்பு மாதத்தில் வந்து, இரு பெருநாள்களையும் ஊரில் கழித்துவிட்டுத் திரும்புவார். அக்காலத்தில் கொழும்புக்குப் போவதென்றால் வழக்கமான வழி இதுதான். இரயில் பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடிக் கப்பல்துறை வரை போகும். அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார். தலைமன்னாரிலிருந்து மீண்டும் இரயில். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபோது தொடங்கிய இந்தப் பாதையைத்தான் நம் பெரியவர்கள் 'போட் மெயில்' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

1964 சித்திரையில், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து, பாட்டனார் திரும்பியபோது எட்டு வயதுச் சிறுமியான உம்மாவும் வழியனுப்ப உடன் சென்றார். உடன் வந்தவர் அவருடைய மாமா. கப்பல் தாமதமாகும் என்று தெரிந்ததும் மூவரும் மணலில் நடந்தார்கள். உச்சி வெயில். உம்மா தண்ணீர் கேட்டு அழுதார். மணல்மேட்டின் அடியில் குழி தோண்டி ஒரு பெண் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டு, பாட்டனார் முதலில் தாம் ஒரு வாய் குடித்துப் பார்த்து, பிறகு சிரட்டையில் ஏந்தி மகளுக்குக் கொடுத்தார். கடலுக்கு மிக அருகில், உப்பே இல்லாத தண்ணீர்! கப்பல்துறைக்குள் வழியனுப்புபவர்களை விடமாட்டார்கள் என்பதால், அதே மணல்மேட்டின் உச்சியில் ஏறி நின்று, கப்பலின் புகை மறையும் வரை மாமாவும் மருமகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உம்மா தம் வாப்பாவைக் கடைசியாகப் பார்த்தது அங்கேதான்.

அவ்வாண்டு டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயலைப் பற்றி வாசகர்கள் அறிவார்கள். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் இரயில், ஊரை எட்டும் தறுவாயில் அலையால் அடித்துச் செல்லப்பட்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விடிந்தபோது நிலையமும் கப்பல்துறையும் கடைத்தெருவும் இல்லை. அது ஷஅபான் மாதம். பராஅத் இரவு கழிந்து சில நாள்களே ஆகியிருந்தன. நோன்புக்கு வந்துவிடுவேன் என்று பாட்டனார் கடிதம் எழுதியிருந்தார். எந்த நாளில் வருவார் என்று அதில் இல்லை. அவர் அந்த இரவு தனுஷ்கோடியில் இறங்கி இரயிலுக்குக் காத்திருந்தாரா, கொழும்பிலேயே இருந்தாரா என்று அறிய வழியின்றி, என் பாட்டியார் முதல் பத்து நோன்பையும் சஹரும் இஃப்தாரும் தொண்டையில் இறங்காமலே பிடித்தாராம். பிறகு கடிதம் வந்தது: உயிரோடிருக்கிறேன், வழி திறந்ததும் வருவேன். வழி திறக்கும் முன்பே அவர் நோயுற்றார். அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாள் முன்னால் தந்தி வந்தது. கொழும்பிலேயே நல்லடக்கம் செய்தார்கள். எங்கள் பள்ளிவாசலில் மறைவான ஜனாஸாத் தொழுகை நடந்தது.

அறுபது ஆண்டுகளாக உம்மா தனுஷ்கோடியைப் பற்றி அதிகம் பேசியதில்லை. பேசினால் அந்தத் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுவார். "அது மாதிரி ருசி பிறகு எங்கயும் கெடைக்கல" என்பார். சிறுவயதில் தாகத்தோடு குடித்த எந்தத் தண்ணீரும் அப்படித்தான் இருக்கும் என்று நான் எண்ணியதுண்டு. இப்போது முழங்கால் வலி கூடி, எழுபதை நெருங்கும் நேரத்தில், "ஒருதரம் கூட்டிட்டுப் போ" என்று அவரே கேட்டார்.

பாம்பன் பாலத்தைக் கடந்ததையும் இராமேஸ்வரத்துக் கூட்டத்தையும் விட்டுவிடுகிறேன். அவற்றைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. இராமேஸ்வரத்தைத் தாண்டியதும் நிலம் ஒடுங்கத் தொடங்கும். 2017இல் திறந்த சாலை இப்போது அரிச்சல்முனை வரை போகிறது. அதற்கு முன் மணலிலும் ஆழமில்லாத நீரிலும் தட்டுத்தடுமாறிச் செல்லும் வண்டிகளில்தான் போக வேண்டும். இடப்புறம் பாக் நீரிணை, வலப்புறம் மன்னார் வளைகுடா. ஆண்டின் பெரும்பகுதி அமைதியாகக் கிடக்கும் வடகடலைப் பெண்கடல் என்றும் சீறும் தென்கடலை ஆண்கடல் என்றும் அப்பகுதி மீனவர்கள் சொல்வார்கள். நாங்கள் போனது வாடைக்காற்றின் காலம், பெண்கடல்தான் சீறிக்கொண்டிருந்தது. "பேரை மாத்தி வச்சுட்டாங்களா?" என்றான் மகன். காற்று மாறினால் கடலின் குணமும் கரை மாறும் என்பதை அவனுக்கு அவன் வாப்பா விளக்கினார். மீனவர்களும் அதற்கேற்பக் கரையை மாற்றிக்கொள்வார்கள்.

சாலையின் இருபுறமும் மணல்மேடுகள். சில இடங்களில் மணல் சாலையின் மேலேயே நாக்கு நீட்டிக் கிடந்தது. மணல்மேடு அசையாத பொருள் என்று நாம் நினைக்கிறோம். காற்று வீசும் பக்கத்தில் மணல் துகள்கள் துள்ளித் துள்ளிச் சரிவில் ஏறுகின்றன. உச்சியை அடைந்ததும் மறுபக்கம் சரிந்து விழுகின்றன. அதனால்தான் காற்றை எதிர்கொள்ளும் பக்கம் மெல்லிய ஏற்றமாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கிறது. இப்படியே துகள் துகளாக முழு மேடும் நடக்கிறது. அதை நடக்கவிடாமல் பிடித்து நிறுத்துபவை இரண்டு எளிய செடிகள். ஒன்று அடும்பு, ஆட்டின் குளம்பைப் போல் பிளந்த இலையும் ஊதாப் பூவும் கொண்டு தரையோடு படரும் கொடி. மற்றது இராவணன் மீசை. பெயருக்கேற்ற முரட்டுப் புல். அதன் முள் உருண்டைகள் முற்றியதும் கழன்று காற்றில் உருண்டோடும். என் பிள்ளைகள் இருவரும் அவற்றைத் துரத்திக்கொண்டு கால் மணி நேரம் ஓடினார்கள். கைப்பேசியை வண்டியிலேயே மறந்துவிட்டு ஓடினார்கள் என்பதை இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

உம்மா வண்டியை விட்டு இறங்கி, இடிந்த தேவாலயத்தையும் இரயில் நிலையத்தின் எஞ்சிய சுவர்களையும் ஒருமுறை பார்த்தார். அங்கே சங்கும் பாசிமணியும் விற்கும் கடைகள். சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்ளும் இளைஞர்கள். விற்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அது அவர்கள் பிழைப்பு. ஆனால் இத்தனை பேர் ஒரே இரவில் மாண்ட இடத்தில் பாட்டை அலறவிட்டு ஆடுவதைக் காண மனம் ஒப்பவில்லை. கப்ருகளைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்தப் பழகிய நம் பிள்ளைகளாவது அங்கே அந்த வழக்கத்தை மறவாமல் இருக்கட்டும்.

"மேடு எங்கே?" என்று கேட்டார் உம்மா.

யாருக்குத் தெரியும்? அறுபது ஆண்டுக் காற்றும் ஒரு பெரும் புயலும் கடந்துபோன மணல் அது. கப்பல்துறை எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் கொண்டு என் கணவர் ஒரு மேட்டைக் காட்டினார். உம்மா அதைப் பார்த்துத் தலையசைத்தார். "இது அது இல்ல" என்றார். பிறகு, "இருந்தாலும் ஏறலாம்" என்றார்.

ஏறுவதற்கு நெடுநேரம் ஆயிற்று. மணலில் முன்வைத்த கால் பாதித் தூரம் பின்னுக்குச் சறுக்கும். பேரன் முன்னால் நின்று கையைப் பிடித்து இழுக்க, பேத்தி பின்னால் முதுகைத் தாங்க, நடுவில் இருமுறை உட்கார்ந்து மூச்சு வாங்கி, உம்மா உச்சியை அடைந்தார். அடும்புக் கொடியை மிதிக்காமல் சுற்றிப்போகச் சொன்னதும் அவர்தான். மேலே நின்றதும் இருபுறமும் கடல். காற்று புர்காவைப் படகுப் பாய்போல விரித்தது.

அப்போது மகளின் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. இலங்கைக்கு நல்வரவு என்று ஓர் இலங்கைத் தொலைபேசி நிறுவனம் வாழ்த்தியிருந்தது. தலைமன்னார்க் கோபுரத்தின் அலை கடலைத் தாண்டி அங்கே எட்டுகிறது. மகள் அதை உரக்கப் படித்ததும் உம்மா, "கொழும்பு எந்தப் பக்கம் வாப்பா?" என்று பேரனைக் கேட்டார். அவன் திசைகாட்டியைப் பார்த்துத் தெற்கே, சற்றுக் கிழக்காகக் கை நீட்டினான். உம்மா அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார். நாங்கள் யாரும் பேசவில்லை. நெடுநேரம் கழித்து அவர் முகத்தைத் திருப்பி, கிப்லாவின் பக்கம் நோக்கி இரு கைகளையும் ஏந்தினார். அவர் என்ன கேட்டார் என்று காற்றில் எனக்குக் கேட்கவில்லை. என் மகன் மட்டும் அவருடைய ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆமீன் சொல்லிக்கொண்டிருந்தான்.

லுஹர் வக்து வந்தது. இறங்கி வந்து, லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழ ஆயத்தமானோம். "இவ்வளவு மணல் இருக்கே, தயம்மும் செஞ்சுக்கலாமா?" என்று மகள் கேட்டாள். மதரஸாவில் அண்மையில்தான் அந்தப் பாடம் நடந்திருந்தது. தயம்மும் என்பது தண்ணீர் கிடைக்காதவருக்கும் அதைப் பயன்படுத்த இயலாதவருக்கும் தரப்பட்ட சலுகை. இருபுறமும் கடலை வைத்துக்கொண்டு அதைக் கேட்பது நியாயமில்லை என்றார் அவள் வாப்பா. கடல்நீர் தூய்மையானது, அதில் ஒளூ நிறைவேறும் என்பது நபிமொழியாலேயே தெளிவானது. மேலும் நம் ஷாஃபிஈ மத்ஹபில் தயம்முமுக்குப் புழுதி படிந்த மண் வேண்டும். அலை கழுவிய வெறும் மணல் போதாது. அமைதியாகக் கிடந்த தென்கடலின் ஓரத்தில் ஒளூ செய்தோம். கண்ணில் உப்பு எரிந்தது. கிப்லாவை நோக்கி நின்றபோது வலப்பக்கம் ஒரு கடல், இடப்பக்கம் ஒரு கடல். இமாமாக என் கணவர். அவருக்கு வலப்புறம் மகன். பின்னால் நாங்கள் மூவர். வீட்டில் நாற்காலியில் தொழும் உம்மா அன்று மணலில் உட்கார்ந்து தொழுதார். ஸுஜூதிலிருந்து எழுந்தபோது அவர் நெற்றியில் மணல் ஒட்டியிருந்தது. அதை அவர் துடைக்கவில்லை.

இனி தண்ணீர்.

ஊற்றைக் கண்டுபிடிப்பது கடினமாகவே இல்லை. புயலுக்குப் பின் அரசு வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்த பின்னும் மீனவக் குடும்பங்கள் அங்கே வாழ்ந்து வருகின்றன. அவர்களை அங்கே வாழவைப்பதே இந்த ஊற்றுகள்தான். ஓலைக் குடிசைகளுக்குப் பின்னால், மணல்மேட்டின் அடிவாரத்தில், அடிப்பாகம் நீக்கிய பழைய பீப்பாயை மணலில் இறக்கியிருந்தார்கள். குனிந்தால் கைக்கு எட்டும் ஆழத்தில் தெளிந்த நீர். உம்மாவை ஒத்த வயதுடைய ஓர் அம்மா கிண்ணத்தால் அள்ளிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். அள்ளுவார், நிறுத்துவார், மீண்டும் ஊறும் வரை காத்திருப்பார். அவசரமே இல்லை.

"இன்னும் கொஞ்சம் ஆழமாத் தோண்டினா நெறையத் தண்ணி வருமே?" என்று என் மகன் கேட்டான்.

"ஆழமாத் தோண்டினா உப்புதான் வரும், தம்பி" என்றார் அவர். "மேலாக்க இருக்கறது மழை குடுத்தது. கீழ இருக்கறது கடலோடது. ஒரு குழி உப்பாச்சுன்னா அத மூடிப்போட்டு வேற எடத்துல தோண்டுவோம். கொஞ்ச நாள் போனா அதுவே சரியாப் போகும்."

பொறியாளரான என் கணவர் இதைக் கேட்டு வியந்துபோனார். நூல்களில் உள்ளதும் இதுவேதான். மணலில் பெய்யும் மழை ஓடிப்போவதில்லை, அப்படியே உள்ளிறங்குகிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. ஆகவே உள்ளிறங்கிய மழைநீர் அதனோடு கலந்துவிடாமல், அதன் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயரம் தேங்கி நின்றால், அதன் கனத்தில் கீழே ஏறத்தாழ 40 அடி வரை உப்புநீர் தள்ளிப்போயிருக்கும் என்பது கணக்கு. கேட்பதற்கு இனிமையான இந்தக் கணக்கிற்கு மறுபக்கம் உண்டு. மேலே ஓரடி குறைந்தால் கீழே 40 அடி உப்பு ஏறிவரும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் அதுதான் நடக்கும். மணல்மேட்டை அள்ளிக்கொண்டு போனாலும் அதுதான் நடக்கும். மழையைத் தாங்கி வைக்கும் உயரமே போய்விடுகிறது. 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளைக் கடுமையான பாதுகாப்புக்குரிய முதல் வகையில் வைத்ததற்கு அலையைத் தடுப்பதோடு இதுவும் ஒரு காரணமாக இருக்கத் தகும்.

குர்ஆனில் இனிய நீரும் உவர்நீரும் தடுப்பொன்றினால் பிரிந்து நிற்பதைப் பற்றிய வசனங்களை நாம் அனைவரும் ஓதியிருக்கிறோம். அவற்றுக்கு இந்த ஊற்றுதான் விளக்கம் என்று சொல்லும் கல்வி எனக்கில்லை. அதை ஆலிம்கள் சொல்லட்டும். ஆனால் அந்தப் பீப்பாயின் விளிம்பில் குனிந்து நின்றபோது அவ்வசனங்கள் நினைவுக்கு வந்தன என்று சொல்வதற்குக் கல்வி வேண்டியதில்லை. நினைவுக்கு வந்தது இன்னொன்றும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு காலத்தில் குடிக்க உதவிய கிணறுகள் இன்று பாத்திரம் கழுவவும் ஆகாத அளவுக்கு உவர்ந்துவிட்டன. வீட்டுக்கொரு ஆழ்துளைக் கிணறு போட்டோம்; மாடித் தொட்டி நிரம்பி வழிந்தாலும் மோட்டாரை நிறுத்த எழுந்திருக்கமாட்டோம். இப்போது குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம். வீட்டுவாசலில் பள்ளிவாசல், ஐந்து வேளை ஒளூ. தண்ணீரின் அருமை நம் மார்க்கத்தவருக்குத் தெரியாமல் போவதற்கு எந்தக் காரணமும் இல்லை. அந்த அம்மா ஒரு குடம் நிரப்ப எடுத்துக்கொண்ட நேரத்தை என் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். அதற்காகவே இன்னொரு முறையும் அழைத்துப் போகலாம்.

உம்மா தம் கதையைச் சொல்லித் தண்ணீர் கேட்டார். அந்த அம்மா கிண்ணத்தை ஒருமுறை கழுவி, நிறைய அள்ளி, இரு கைகளாலும் கொடுத்தார். உம்மா மணலில் அமர்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, மூன்று மிடறாகக் குடித்தார். ருசி எப்படி என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவர் பதில் சொல்லாமல் கிண்ணத்தை நீட்டி இன்னொரு முறை வாங்கிக் குடித்தார். நானும் குடித்தேன். உப்பில்லை, மணலின் குளிர்ச்சி இருந்தது.

என் கணவர் பணம் எடுத்தபோது அந்த அம்மாவின் முகம் மாறியது. "தண்ணிக்கு யாராவது காசு வாங்குவாகளா?" என்றார். உம்மா வண்டியிலிருந்து தொதல் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் ஊர்த் தொதலை அவர் மறுக்கவில்லை. இருவரும் நிழலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவருடைய தாத்தாவும் புயலில் போனவராம். எதை எதையோ பேசினார்கள்; இடையிடையே சிரிப்புச் சத்தமும் கேட்டது. அந்த நேரத்தில் நானும் பிள்ளைகளும் கரையோரத்தில் கிடந்த நெகிழிப் புட்டிகளைப் பொறுக்கி ஒரு சாக்கில் திணித்தோம். சாக்கு விரைவிலேயே நிறைந்துவிட்டது. கரையில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

பொழுது சாய்ந்த பின் அங்கே தங்க விடுவதில்லை. புறப்படும்போது அந்த அம்மா ஒரு புட்டி நிறைய ஊற்றுத் தண்ணீர் கொடுத்தனுப்பினார்.

அந்தப் புட்டி பெரியும்மாவுக்காக. உம்மாவைவிட நான்கு வயது மூத்தவர். 1964 சித்திரையில் காய்ச்சலோடு படுத்திருந்ததால் வழியனுப்பப் போகாதவர். இந்தத் தண்ணீரின் புகழைக் கேட்டுக் கேட்டே கிழவியானவர். இரவு ஊர் திரும்பியதும் உம்மா நேரே அவர் வீட்டுக்குத்தான் போனார். பெரியும்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு வாய் குடித்தார்.

"லேசா உப்புக் கரிக்குதே" என்றார்.

"அது உங்க நாக்கு, ராத்தா" என்றார் உம்மா.

பெரியும்மா மறுக்கவில்லை. "வாப்பா முதல்ல குடிச்சுப் பாத்துட்டுத்தான் உனக்குத் தந்தாங்களா?" என்று கேட்டார். அவர் நூறு முறை கேட்ட கதைதான். உம்மா மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். மீதித் தண்ணீரைப் பெரியும்மா யாருக்கும் கொடுக்கவில்லை. மூடியை இறுகத் திருகி, தலைமாட்டில் மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.